பச்சைக் கோடு எங்கே போச்சு?

அத்தியாயம் ஏழு

ஜோசெட் இட்டூரி கதவைப் பாதிதான் திறந்தார். திறந்த பாதியையும் தானே அடைத்துக்கொண்டு நின்றார்.

"கர்னல் அனுப்பின ஆளுங்களா?"

நான் ஒரு நல்ல பொய்யைத் தயார் செய்துகொண்டிருந்தேன். பாஸ் முந்திக்கொண்டார். மேவிஸ் ஹால்வர்சன் பதினேழு வருடமாக வயோமிங்கில் துப்பறிகிறார். வாசலில் பொய் சொல்லி உள்ளே போன வழக்கு அவர் கணக்கில் ஒன்றுகூட இல்லை. அவருடைய உதவியாளன் லாய்ட் பெஸ்ஸட் ஆகிய எனக்கு அந்தப் பெருமையெல்லாம் கிடையாது.

"ஆமா. நீங்க தோட்டாவுல மருந்தை அதிகமாப் போட்டீங்கன்னு நிரூபிக்கச் சொல்லி அவர்தான் எங்களைக் கூப்பிட்டாரு," என்றார் பாஸ். "நிஜமா அப்படித்தானான்னு பாக்க வந்திருக்கேன்."

"போட்டிருந்தா?"

"எழுதிக் கொடுத்துடுவேன்."

"போடலைன்னா?"

"அதையும் எழுதிக் கொடுத்துடுவேன்."

ஜோசெட் எங்களை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மீதிக் கதவும் திறந்தது.

விஷயம் இதுதான். கிளியர்ஃபோர்க்கில் ஒரு துப்பாக்கி கிளப் இருக்கிறது. வளர்ந்த ஆண்களும் பெண்களும் நூற்றுமுப்பது வருடத்துக்கு முந்தைய உடுப்பைப் போட்டுக்கொண்டு, அந்தக் காலத்து ரிவால்வரால் இரும்புத் தகடுகளைச் சுடுவார்கள். ஆளுக்கொரு பட்டப்பெயர் உண்டு. கிளப் தலைவர் ராய்ஸ் கார்மடிக்குக் கர்னல் என்று பெயர். அவர் டிராக்டர் விற்பவர். எந்தப் படையிலும் அரை நாள்கூட இருந்ததில்லை.

சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளை யாரும் எறிவதில்லை. பொறுக்கிக் கொண்டுபோய் ஜோசெட்டிடம் கொடுப்பார்கள். மைதானத்தின் ஓரத்தில் இருக்கும் தகரக் கொட்டகையில் அவர் அவற்றுக்குப் புது மருந்தும் புதுக் குண்டும் வைத்துத் திருப்பிக் கொடுப்பார். இருபத்திரண்டு வருடமாக அவர்தான் செய்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை, வருடாந்தரப் போட்டியின் கடைசிச் சுற்றில், கர்னல் சுட்ட ஐந்தில் மூன்று கூடுகள் நீளவாக்கில் வெடித்து ரிவால்வரின் உருளைக்குள்ளேயே மாட்டிக்கொண்டன. அவர் குச்சியை வைத்துக் குத்திக் குத்தி எடுப்பதற்குள் கடிகாரம் ஓடிவிட்டது. முதல் இடத்துக்கு வர வேண்டியவர் ஆறாவதாக வந்தார்.

நேராக ஒலிபெருக்கிக்குப் போனார். முந்நூறு பேர் கேட்க, ஜோசெட் மருந்தை இரட்டிப்பாகப் போட்டுவிட்டாள், தான் செத்துப் பிழைத்ததே பெரிது என்றார். சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கிளப் குழு கூடி ஓட்டுப் போடப் போகிறது. ஓட்டு எதிராக விழுந்தால் ஜோசெட் கொட்டகைச் சாவியைக் கொடுத்துவிட்டு நடக்க வேண்டியதுதான். சாவி போனால் போகட்டும். ஆளைக் கொல்லப் பார்த்தவள் என்ற பேச்சு ஒட்டிக்கொண்டால் அந்தச் சின்ன ஊரில் கடைசி வரை அது போகாது. ஜோசெட்டுக்கு வயது அறுபத்துமூன்று.

கொட்டகைக்குள் முதலில் என் கண்ணில் பட்டது ஜன்னலோரம் இருந்த ஒரு பெரிய கண்ணாடி ஜாடி. அது நிறைய வெடித்த பித்தளைக் கூடுகள்.

"பாஸ், வாக்குமூலத்தை ஜாடியில போட்டு வெச்சிருக்காங்க," என்றேன்.

ஜோசெட் கோபப்படவில்லை. ஜாடியைத் தூக்கி என் கையிலேயே கொடுத்தார்.

"நல்லாப் பாரு. எல்லாம் வெடிக்கும்தான். சுடும்போது கூடு விரியுது. நான் அச்சுல விட்டு அதைத் திரும்பச் சுருக்கறேன். குண்டு உக்கார வாயை விரிக்கறேன். உக்காந்ததும் வாயை இறுக்கறேன். ஒரு கம்பியை எடுத்து இப்படியும் அப்படியும் வளைச்சுக்கிட்டே இரு, என்ன ஆகும்? விறைச்சுப்போய் ஒடியும். பித்தளையும் அதேதான். வெடிச்சதைக் கண்டுபிடிச்சு எடுத்துப் போடறதுதான் என் வேலை. இந்த ஜாடி காலியா இருந்தாத்தான் நீ என்னைச் சந்தேகப்படணும்."

பாஸ் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சீக்கிரம் வெடிக்காமல் இருக்க என்ன செய்வீர்கள் என்று கேட்டார். ஜோசெட் சொல்லிக்கொண்டே போனார். அதில் கெஞ்சல் எதுவும் இல்லை. கூட்டின் வாயைக் குண்டின் அடிப்பாகம் நுழையும் அளவுக்கு மட்டும் விரிக்க வேண்டும். அவசரக்காரர்கள்தான் ஊதுகுழல் மாதிரி விரித்துவிடுகிறார்கள். இறுக்குவதும் குண்டு நகராத அளவுக்குத்தான். ரிவால்வர் உதைக்கிற உதையில் உருளையின் அடுத்த அறைகளில் இருக்கும் குண்டு முன்னால் நகராமல் நின்றால் போதும். பழைய கூட்டையும் புதுக் கூட்டையும் கலக்கக் கூடாது. ஐந்நூறு கூடு ஒரு கட்டு. ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நிறம். கூட்டின் அடியில் மார்க்கர் பேனாவால் அந்த நிறத்தில் ஒரு கோடு போட்டு, எத்தனையாவது தடவை நிரப்புகிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கர்னலுக்குக் கொடுத்தது பச்சைக் கட்டு. நாலாவது தடவைதான் நிரப்பியிருக்கிறார். பச்சைக்கு இன்னும் பாதி ஆயுள்கூட முடியவில்லை.

"வெடிச்சதை எப்படிக் கண்டுபிடிப்பீங்க? பூதக்கண்ணாடியா?" என்று கேட்டேன்.

"காது."

காலிக் கூடுகளை ஒரு கை அள்ளினார். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே உள்ளங்கையில் குலுக்கினார். நல்ல கூடு மணி மாதிரிப் பேசும், வெடித்தது தகரம் மாதிரிப் பேசும் என்றார். நான் நம்பவில்லை. அவர் திரும்பிய நேரம் பார்த்து ஜாடியிலிருந்து இரண்டு வெடித்த கூடுகளை எடுத்து மேஜைமேல் இருந்த குவியலில் நுழைத்தேன். அரை நிமிடம்தான். இரண்டையும் எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு, மூன்றாவது ஒன்று உண்டா அல்லது என் சாமர்த்தியம் இவ்வளவுதானா என்று கேட்டார். பாஸ் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார்.

"சரி. இப்ப கர்னலோட குற்றச்சாட்டு," என்றார் பாஸ். "மருந்து அதிகமானா இப்படி வெடிக்குமா?"

"மருந்து அதிகமானா கூட்டோட அடி காட்டிக் கொடுத்துடும். அடியில நடுவுல ஒரு பொட்டு இருக்கு பாருங்க, சுத்தியல் அடிக்கற இடம். அது சப்பையாகி ஓரம் வழிஞ்சு கிடக்கும். அடியைப் பாக்காம வாயைப் பாத்துட்டு மருந்தைப் பத்திப் பேசறவனுக்கு ரெண்டுமே தெரியாது."

பாஸ் கைப்பையிலிருந்து ஒரு சிறிய அட்டைப்பெட்டியை எடுத்தார். கர்னல் தன் கையாலேயே கொடுத்த சாட்சியம். வெடித்த மூன்று கூடுகள். அவர் பெல்ட்டிலிருந்து உருவிக் கொடுத்த, சுடாத எட்டுத் தோட்டாக்கள். நான் மூன்று கூடுகளையும் திருப்பி அடியைப் பார்த்தேன். பொட்டு உருண்டையாக, ஓரம் ஒழுங்காக இருந்தது. மருந்து அளவாகத்தான் இருந்திருக்கிறது. அதோடு இன்னொன்றும் கண்ணில் பட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"பாஸ், பச்சைக் கோடு எங்க போச்சு?"

பதினொன்றையும் திருப்பிப் பார்த்தோம். எதிலும் கோடு இல்லை. நான் எழுந்தே நின்றுவிட்டேன். தோட்டா ஜோசெட்டுடையதே இல்லை. கர்னல் வேறு எங்கேயோ வாங்கிச் சுட்டுவிட்டுப் பழியை இங்கே போட்டிருக்கிறார். வழக்கு முடிந்தது, மதியச் சாப்பாட்டுக்குப் போகலாம் என்றேன்.

பாஸ் என்னைக் கவனிக்கவில்லை. ஒரு தோட்டாவை எடுத்து ஜோசெட்டிடம் நீட்டினார்.

"இது உங்களோடது இல்லைன்னு சொல்லிட்டா விஷயம் இங்கயே முடிஞ்சுடும். சொல்றீங்களா?"

ஜோசெட் தோட்டாவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். குண்டைச் சுற்றி இறுக்கியிருந்த விளிம்பின்மேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டினார். தப்பிக்க ஒரு வழி அவர் கையில் இருந்தது. 'இல்லை' என்ற ஒரு சொல் போதும்.

"என்னோடதுதான்," என்றார். "நான் இறுக்கின வாய் எனக்குத் தெரியும். தப்பிக்கறதுக்காக என் வேலையை என்னோடது இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

எனக்கு அந்த அம்மாவை அந்த நிமிடம் பிடித்துப்போயிற்று. கூடவே, பிடிவாதத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா என்று எரிச்சலாகவும் இருந்தது. பாஸ் பூதக்கண்ணாடியை எடுத்தார். கூட்டின் அடியில் பொறித்திருந்த எழுத்துகளின் பள்ளத்தைக் காட்டினார். அடியாழத்தில் ஊசிமுனை அளவுக்குப் பச்சை. அதற்கு மேலே, சுண்ணாம்பு மாதிரி உலர்ந்த வெள்ளை. கோடு இருந்திருக்கிறது. யாரோ எதையோ வைத்துத் தேய்த்திருக்கிறார்கள். பச்சை போன இடத்தில் வெள்ளை வந்து உட்கார்ந்திருக்கிறது.

நீங்கள் கூடுகளை எதால் சுத்தம் செய்வீர்கள் என்று பாஸ் கேட்டார். சோளத்தக்கைத் தூளில் போட்டு உருட்டுவேன், வேறு எதுவும் கிடையாது, பளபளப்பு வேண்டுமென்றால் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிடுவேன் என்றார் ஜோசெட். பாஸ் சுடாத எட்டுத் தோட்டாக்களையும் ஜன்னலோரம் கொண்டுபோய் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தார். ஆறாவதைப் பார்க்கும்போது அவர் கை நின்றது. என்ன என்று கேட்டேன். பசிக்கிறது என்றார். பாஸுக்குப் பசித்தால் ஏதோ சிக்கிவிட்டது என்று அர்த்தம்.

பச்சைக் கட்டில் கொஞ்சம் ஓட்டிஸ் ப்ளம் என்பவருக்கும் போயிருந்தது. ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், கிளப் குழுவில் ஒருவர். நாங்கள் போனபோது வீட்டு வாசலில் ஆப்பிள் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களுக்கும் தட்டு வந்தது. அதே ஞாயிற்றுக்கிழமை பச்சைக் கோட்டுத் தோட்டாவில் நூற்றுக்கு மேல் சுட்டேன், ஒன்றுகூட வெடிக்கவில்லை என்றார். காலிக் கூடுகளை வாளியோடு கொண்டுவந்து வைத்தார். நான் ஒரு கை அள்ளி ஜோசெட் மாதிரி தெருவைப் பார்த்தபடி குலுக்கினேன். எல்லாம் மணி. கோடும் எல்லாவற்றிலும் பச்சையாக இருந்தது.

அப்படியென்றால் ஜோசெட்டுக்குத்தானே ஓட்டு என்று கேட்டேன். ஓட்டிஸ் கேக்கைப் பார்த்தார்.

"மைதானம் கர்னலோட நிலம்ப்பா. அவரு கோச்சுக்கிட்டு வேலியைப் போட்டா நாங்க எல்லாம் எங்க போயிச் சுடறது?"

 பாஸ் சுடாத தோட்டா பன்னிரண்டு மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வண்டியில் ஏறியதும் நான் ஞாபகப்படுத்தினேன். நம்மைக் கூப்பிட்டவரே கர்னல்தான்; அவர் வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்புவது நல்லதுக்கில்லை. கூப்பிட்டவருக்குப் பிடித்ததைச் சொல்வதற்குக் காசு போட்டால் பாடும் பாட்டுப் பெட்டி இருக்கிறது, நான் எதற்கு என்று பாஸ் கேட்டார். வண்டி கர்னல் வீட்டுப் பக்கம் திரும்பியது.

கர்னல் கடையில் இருந்தார். அவர் மனைவி ஜெனிவா பின்கட்டில் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார். நான் நாய்க்கு நல்வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தபோது பாஸ் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பூப்போட்ட சமையலறைத் துண்டுகள் வரிசையாகத் தொங்கின. துவைத்தும் போகாமல் எல்லாவற்றிலும் கறுப்புத் திட்டு.

"உங்க வீட்ல யாரு பித்தளை தேய்க்கறாங்க?"

ஜெனிவா கையிலிருந்த கூடையை இறக்கி வைத்தார். யாராவது கேட்பார்களா என்று ரொம்ப நாளாகக் காத்திருந்தவர் மாதிரி கொட்டித் தீர்த்தார். ராய்ஸ்தான். வேறு யார்? போன வருடம் மாவட்டச் சந்தை ஊர்வலத்தில் பெல்ட் மின்ன, கொடி பிடித்துக் குதிரையில் போனார். படம் பத்திரிகையில் வந்தது. அதிலிருந்து பைத்தியம். பெல்ட் நிறையத் தோட்டாவைச் செருகி, வாரம் தவறாமல் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து பாலிஷ் போட்டுத் தேய்க்கிறார். ஒவ்வொன்றாக எடுத்து அடியைத் தேய்ப்பார். மிச்சத்தைப் பெல்ட்டில் இருக்கும்போதே துணியை விட்டு இழுப்பார். தோலெல்லாம் ஊறிக்கிடக்கும். நாற்றம் தாங்காமல் ஜெனிவா அடுத்த அறைக்குப் போய்விடுவார்.

"எங்க கல்யாண வெள்ளி ஸ்பூனை முப்பத்தொரு வருஷத்துல ஒரு நாள் தொட்டதில்ல அந்த மனுஷன்," என்றார்.

பாலிஷ் புட்டியைக் காட்டினார். மூடியைத் திறந்ததும் என் மூக்கு எரிந்து கண்ணில் நீர் வந்தது. பாஸ் ஒரு துணியில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு, ஜெனிவாவுக்கு நன்றி சொல்லி, இன்று தான் கேட்டதைக் கணவரிடம் மறைக்க வேண்டியதில்லை என்றும் சொன்னார். அதை ஏன் சொன்னார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அலுவலகத்தில் இரண்டு ஊறுகாய் ஜாடிகள் என் மேஜைக்கு வந்தன. ஒன்றில் ஓட்டிஸின் தோட்டா ஆறு, பாலிஷ் துணியோடு. இன்னொன்றில் ஆறு, வெறுமனே. இரண்டையும் மூடி, அசைக்காதே என்று உத்தரவு. அன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமைக்குள் நான் நாற்பது தடவை தும்மினேன்.

சனிக்கிழமை இரண்டு மணிக்குக் கிளப் கட்டடத்தில் ஐந்து பேர் தொப்பியும் பூட்ஸும் குதிமுள்ளும் சகிதம் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தலைமை கர்னல். புகார் கொடுத்தவரும் அவர், விசாரிப்பவரும் அவர். இதில் என்ன தவறு என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அவர் தலைக்கு மேலே சுவரில் அந்த ஊர்வலப் படம், சட்டம் போட்டு மாட்டியிருந்தது. ஜோசெட்டுக்கு நாற்காலி காட்டினார்கள். அவர் நின்றுகொண்டார். வெளியே மைதானத்தில் சனிக்கிழமைப் பயிற்சிக்கு வந்த கூட்டம் சுட்டுக்கொண்டிருந்தது.

பாஸ் அட்டைப்பெட்டியை மேஜைமேல் வைத்தார். மூன்று கூடுகளின் அடியையும் ஐந்து பேருக்கும் காட்டினார். பொட்டு உருண்டையாக இருக்கிறது, மருந்து அதிகமில்லை என்றார். அது உங்கள் அபிப்பிராயம் என்றார் கர்னல். பாஸ் தலையாட்டிவிட்டு, சுடாத தோட்டா ஒன்றையும் பூதக்கண்ணாடியையும் ஓட்டிஸ் பக்கம் தள்ளினார்.

ஓட்டிஸ் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இதுல விரிசல் இருக்கே. வாயிலருந்து கீழ வரைக்கும்."

"சுடாத தோட்டா அது," என்றார் பாஸ். "உள்ள மருந்து அப்படியே இருக்கு. எரியாத மருந்து எப்படிப் பித்தளையை வெடிக்க வைக்கும்?"

 எட்டில் மூன்று அப்படி இருந்தன. கர்னல்தான் முதலில் பேசினார். அப்படியென்றால் ஜோசெட் வெடித்த கூட்டிலேயே மருந்தை அடைத்துக் கொடுத்திருக்கிறாள், அது இன்னும் பெரிய குற்றம் என்றார். நான் ஊறுகாய் ஜாடிகளைத் தூக்கி மேஜைமேல் வைத்தேன். மூடியைத் திறந்ததும் கர்னலின் பக்கத்தில் இருந்தவர் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார்.

வெறும் ஜாடியில் ஆறு தோட்டாவும் சுத்தம். பாலிஷ் ஜாடியில் ஆறில் நாலு விரிசல் விட்டிருந்தன. எதையும் யாரும் சுடவில்லை. என் மேஜைமேல் சும்மா இருந்தவை. பாஸ் ஜோசெட்டைப் பார்த்தார். நீங்களே சொல்லுங்கள் என்று அர்த்தம்.

"அம்மோனியா," என்றார் ஜோசெட். "குண்டு உள்ள உக்காந்தப்புறம் கூட்டோட வாய் எப்பவும் இழுபட்டுக்கிட்டேதான் இருக்கும். அந்த இழுப்பு இருக்கற பித்தளையில அம்மோனியா பட்டா அதுவே உள்ள பூந்து பிளந்துடும். குதிரை மூத்திரத்துலயும் இதே அம்மோனியாதான்; லாயத்துக்குப் பக்கத்துல வெச்ச தோட்டா மழைக்காலத்துல தன்னால விரிசல் விட்ட கதை பட்டாளத்துக்காரங்க எல்லாருக்கும் தெரியும். கர்னலுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

ஓட்டிஸுக்குச் சிரிப்பு வந்து இருமலில் முடிந்தது. கர்னல் சிவந்துபோனார். ஆனால் சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். பெரிய மனுஷத்தனமாகக் கையை விரித்தார். பாலிஷில் அம்மோனியா இருப்பது தனக்கு எப்படித் தெரியும், தெரியாமல் நடந்த விஷயம், ஆகவே யார்மேலும் தப்பில்லை, கூட்டத்தை முடித்துக்கொள்ளலாம் என்றார். மற்ற நாலு பேர் முகத்திலும் நிம்மதி. எனக்கே போதும் போலிருந்தது.

"தெரியாம நடந்ததுன்னா எனக்கும் பேச்சில்ல," என்றார் பாஸ். "உங்க பெல்ட்டைக் கொஞ்சம் கழட்டி மேஜைமேல வெக்கறீங்களா?"

கர்னல் பெல்ட்டின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"எதுக்கு?"

"படத்துல மின்னுதே, அதைக் கிட்டத்துல பாக்கணும்."

மற்ற நாலு பேரும் சுவரைப் பார்த்தார்கள். படத்தில் கர்னலின் இடுப்பு சூரியன் மாதிரி பளபளத்தது. பிறகு அவர் இடுப்பைப் பார்த்தார்கள். அங்கே இருந்தவை மங்கல் பித்தளை. பெல்ட் கழற்றப்பட்டது. ஓட்டிஸ் ஒரு தோட்டாவை உருவித் திருப்பினார். அடியில் அழுத்தமான பச்சைக் கோடு. எல்லாவற்றிலும் பச்சைக் கோடு. தோலும் புதுசு, பழைய பெல்ட்டே காணோம்.

"போன வருஷத்துலருந்து வாரம் தவறாம தேய்ச்சவரு இந்த வாரம் மட்டும் ஏன் தேய்க்கல?" என்று கேட்டார் பாஸ். "புதன்கிழமை சாயங்காலம் ஜெனிவா உங்ககிட்ட சொல்லியிருப்பாங்க, பாலிஷைப் பத்தி நான் கேட்டேன்னு. அன்னிக்கே உங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. பழைய தோட்டாவைத் தூக்கிப் போட்டீங்க, பெல்ட்டையும் மாத்தினீங்க. உங்க உயிருக்கு என்ன தேவையோ அதெல்லாம் செஞ்சாச்சு. புகாரை மட்டும் வாபஸ் வாங்கல. மூணு நாள், ராய்ஸ். இந்த அம்மா பேரு ஊர்ல நாறட்டும்னு மூணு நாள் சும்மா இருந்தீங்க."

கர்னல் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.  எனக்கு அவர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவே இல்லை.

ஓட்டிஸ்தான் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். எல்லோரும் ஒரே ஊரில் இருக்கிறவர்கள். நிலமும் கர்னலுடையது. ஒரு காகிதம் எழுதிக்கொள்ளலாம்: இரு தரப்பிலும் கவனக்குறைவு, இனி இருவரும் ஜாக்கிரதையாக இருப்பார்கள். இரண்டு கையெழுத்து, சாவி ஜோசெட்டிடமே. அவசர அவசரமாக எழுதியும் விட்டார்கள். காகிதமும் பேனாவும் ஜோசெட் முன்னால் வந்தன.

ஜோசெட் கடைசி வரி வரை படித்தார். பேனாவைத் தொடவில்லை. பையிலிருந்து கொட்டகைச் சாவியை எடுத்து அந்தக் காகிதத்தின்மேல் வைத்தார்.

"பாரும்மா ஜோசெட், சாவிதான் உனக்கே தர்றோமே," என்றார் ஓட்டிஸ்.

"என் கவனத்துல குறை இல்ல. பாதித் தப்பு என்மேலன்னு கையெழுத்துப் போட்டுட்டு அந்தக் கொட்டகையில என்னால உக்கார முடியாது. சாவியை வெச்சுக்கங்க. நிலத்தையும் வெச்சுக்கங்க. யாரு தோட்டாப் போட்டுத் தருவாங்கன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க."

"வேற என்னதான் வேணும்ங்கற?" என்றார் கர்னல்.

"முந்நூறு பேர்கிட்ட எதுல சொன்னியோ அதுல சொல்லு."

ஓட்டிஸ் கர்னலைப் பார்த்தார். மற்ற மூவரும் பார்த்தார்கள். நிலம் அவருடையதுதான். ஆனால் தோட்டா இல்லாத மைதானம் வெறும் புல்வெளி என்பது ஐந்து பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்திருக்க வேண்டும். ஓட்டிஸ் எழுந்தார். காகிதத்தை இரண்டாகக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார்.

ஒலிபெருக்கி வாசல் தூணில் இருந்தது. கர்னல் மைக்கைக் கையில் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை நடந்ததில் ஒரு சிறிய குழப்பம் என்று ஆரம்பித்தார். ஜோசெட் அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"குழப்பம் வேணாம். யாரு செஞ்சது, என்ன செஞ்சது, அதைச் சொல்லு."

கர்னல் சொன்னார். வேகமாக, காலைப் பார்த்துக்கொண்டு. தோட்டாவில் பாலிஷ் போட்டது தான், வெடித்தது அதனால், மருந்து சரியாகத்தான் இருந்தது. சொல்லிவிட்டு மைக்கை மாட்டப் போனார். மைதானத்தில் பாதிப் பேர்தான் திரும்பியிருந்தார்கள். தொலைவில் கடைசி வரிசையில் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அவங்களுக்குக் கேக்கல," என்றார் ஜோசெட்.

கர்னல் ஓட்டிஸைப் பார்த்தார். சுடுகிறவர்களை மேற்பார்க்கும் வரிசை அதிகாரியைப் பார்த்து ஓட்டிஸ் கையை உயர்த்தினார். சுடுவது நின்றது. ஒவ்வொருவராகக் காதடைப்பைக் கழற்றினார்கள். காற்றுகூட அந்த நேரம் பார்த்து அடங்கியது.

"ஜோசெட் இட்டூரி மேல எந்தத் தப்பும் இல்ல," என்றார் ராய்ஸ் கார்மடி. குரல் மலைப்பக்கம் போய்த் திரும்பி வந்தது. "தப்பு என்னோடது. புதன்கிழமையே எனக்குத் தெரியும்."